நாலு மாதம் கூடுதல்

லூக்காஸ் கடற்படைக்கு எழுதிக் கொடுத்துவிட்டான் என்ற செய்தி, அவனைப் பெற்ற பனாகோஸுக்கு முன்பே தபால்காரர் கீட்சோஸுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் கஸ்தானியாவில் எல்லாச் செய்தியும் இந்த வரிசையில்தான் வரும். கீட்சோஸ் சலூன் நாற்காலியில் சாய்ந்து, முகமெல்லாம் நுரையோடு, கண்ணை மூடிக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"என்ன பனாகோஸ், பையன் கப்பல் ஏறப் போறானாமே?"

"எந்தப் பையன்?"

"உனக்கு என்ன ஏழு பையனா இருக்கான்? லூக்காஸ்தான். படிவத்துல முதல் விருப்பம் கடற்படைன்னு எழுதியிருக்கான். ஆள் சேர்க்கிற ஆபீஸ்ல இருக்கிற கிளார்க்கு என் சம்பந்தி. அவரே சொன்னாரு."

பனாகோஸின் கையிலிருந்த சவரக்கத்தி கீட்சோஸின் தொண்டைக்கு மேலே அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்த கீட்சோஸ், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை.

இதில் என்ன இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். இருபது வயது ஆனால் எல்லாப் பையன்களும் போய்த்தான் ஆக வேண்டும். தரைப்படையோ, விமானப்படையோ, கடற்படையோ, மூன்றில் ஒன்று. ஆனால் தரைப்படைக்கு இருபத்திரண்டு மாதம், கடற்படைக்கு இருபத்தாறு. எங்களுடையது ஆடும், கஷ்கொட்டை மரமும், ஆறு மாதம் பனியும் உள்ள மலை ஊர். பஸ்ஸில் ஐந்து மணி நேரம் போனால்தான் கடலைப் பார்க்க முடியும். எங்கள் அப்பன்கள், பாட்டன்கள், அத்தனை பேரும் தரைப்படைக்குப் போனவர்கள். கழுத்தில் தண்ணீர் பட்டாலே கத்துகிற ஊரிலிருந்து ஒருவன், நாலு மாதத்தைத் தானாகத் தூக்கிக் கொடுத்துக் கடற்படைக்குப் போகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவனுக்கு மேலே ஆள் இருக்கிறது. ஆள் இருந்தால் கடற்படை என்பது ஏதென்ஸ் நகரத்தில் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, அதிகாரிகளுக்குக் காபி, மாலையில் சினிமா. இதில் நாலு மாதம் என்ன, நாலு வருஷம்கூட இருக்கலாம்.

ஊருக்கு இது மெல்ல நல்ல அவல். ஆனால் பனாகோஸுக்கு அது நெஞ்சில் இறங்கிய கத்தி. ஏனென்றால் கஸ்தானியாவில் யாரிடமும் சிபாரிசுக்குப் போகாத ஒரே ஆள் என்று பெயர் எடுத்தவர் அவர். ஊரார், தங்கள் பிள்ளை பள்ளியில் தேறுவதற்கும், பெண்ணுக்கு டவுனில் டைப்பிஸ்ட் வேலை வாங்குவதற்கும், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதற்கும்கூட யாரையாவது பிடிப்பார்கள். பனாகோஸ் பிடிக்க மாட்டார். முப்பது வருஷமாக அவர் தலை நிமிர்ந்து நடப்பது அந்த ஒரு விஷயத்தின் பலத்தில்தான்.

அதோடு அவர் சந்தேகப் பிராணி. சாதாரணச் சந்தேகம் இல்லை. காலை வணக்கம் சொன்னால், இவன் ஏன் இன்றைக்கு வணக்கம் சொல்கிறான் என்று யோசிப்பார். காபிக்கடையில் யாராவது அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தால் அது ஆறிப்போகும் வரை தொட மாட்டார். தபாலில் வரும் கடித உறையை விளக்கில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். சலூனில் கண்ணாடியை அவர் மாட்டியிருந்த கோணமே, முடி வெட்டும்போது முதுகுக்குப் பின்னால் வாசல் தெரிகிற மாதிரிதான்.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாற்பத்தெட்டாம் வருஷம், நாடே இரண்டாகப் பிளந்து காட்டில் அடித்துக்கொண்ட காலத்தில், அவருக்கு இருபத்தோரு வயது. பட்டாளத்துக்கு வா என்று காகிதம் வந்தது. போனார். அவருடைய அண்ணன் காட்டில் எதிர்த் தரப்போடு இருந்தான் என்று யாரோ எழுதிப் போட்டதால், காக்கி உடுப்பைக் கொடுத்த கையோடு அவரை ஒரு மொட்டைத் தீவுக்கு அனுப்பினார்கள். திருத்துகிறோம் என்றார்கள். மூன்று வருஷம் திருத்தினார்கள். திரும்பி வந்தபோது அவர் கற்றுக்கொண்டிருந்தது முடி வெட்டுவது மட்டும்தான். அங்கே மற்ற பையன்களின் தலையை மொட்டையடிக்கும் வேலை அவருக்கு. அந்த எழுதிப் போட்ட 'யாரோ' யார் என்பது இன்றுவரை தெரியாது. கஸ்தானியாவில் இருக்கிற எந்தத் தலையாகவும் இருக்கலாம். அந்தத் தலைகளுக்குத்தான் அவர் வாரா வாரம் முடி வெட்டிக்கொண்டிருந்தார். சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

தீவைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. மனைவி ஸ்தமாதாவிடமும் இல்லை, மகனிடமும் இல்லை. கேட்டால் "அங்க காத்து அடிக்கும்" என்பார். அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். ஸ்தமாதா அடுப்பருகில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"எது?"

"எதுன்னு கேக்கறப்பவே தெரியுது, உனக்குத் தெரியும்னு."

"பனாகோஸ், காலைலேருந்து நான் இந்த மாவைத் தவிர வேற எதையும் பாக்கல. சொல்றதைச் சொல்லிட்டுப் போ."

சொன்னார். அவள் கை ஒரு கணம் நின்று மறுபடி பிசைந்தது. அந்த ஒரு கணம் போதும் பனாகோஸுக்கு.

"உங்க அண்ணன்தானே? ஆகஸ்ட்ல அவன் வீட்டுக்கு நாலு நாள் போனியே, பல்லு வலின்னு. எந்தப் பல்லு? காட்டு."

அவள் மாவுக் கையோடு திரும்பி, வாயை அகலத் திறந்து, கடைவாயில் பல் இல்லாத இடத்தைக் காட்டினாள். "நல்லா பாத்துக்கோ. விரலை வேணா விட்டுப் பாரு."

அவளுடைய அண்ணன் தீமியோஸ் போலீஸில் சார்ஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தீவிலிருந்து வந்த ஒருவனுக்குப் போலீஸ்காரன் தங்கை மனைவியானது எப்படி என்பது எங்கள் ஊரில் தனிக் கதை. அவள் அடம்பிடித்தாள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். மச்சானும் மாப்பிள்ளையும் கல்யாணம், கருமாதிகளில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு மேல் இல்லை.

இதற்கிடையில் ஊர் சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் மில்காரர் மனைவி வாஸோ ஒரு முழுச் சக்கரம் பாலாடைக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு சலூனுக்குள் நுழைந்தாள். பெண்கள் சலூனுக்குள் வருவதே இல்லை.

"என் பையனும் அடுத்த வருஷம் போகணும் பனாகோஸ். அவனுக்கு ஆஸ்துமா. உனக்கே தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னா..."

"யார்கிட்ட சொல்லணும்?"

"அதான், நீ சொன்னியே, அவங்ககிட்ட."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல அம்மா. எனக்கு யாரையும் தெரியாது."

வாஸோ தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் புரிந்தது வேறு. மறுநாள் பாலாடைக்கட்டிக்குப் பதிலாக ஒரு ஆட்டுக்குட்டியை வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போயிருந்தாள். அது நாள் முழுக்கக் கத்தியது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் எல்லாம் ஆட்டையும் பனாகோஸையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரை அறுத்தது. சாயங்காலம் ஆட்டை அவிழ்த்து, கடைத்தெரு வழியாக எல்லாரும் பார்க்கும்படி இழுத்துக்கொண்டு போய் வாஸோ வீட்டில் கட்டிவிட்டு வந்தார். அதைப் பார்த்த கஸ்தானியா, ஆட்டுக்குட்டியும் போதவில்லை போலிருக்கிறது, ரொம்பப் பெரிய இடத்து ஆளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து மாவட்டத் தலைநகருக்குப் போனார் பனாகோஸ். தீமியோஸ் வீட்டுப் பின்கட்டில் தக்காளிச் செடிக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தார்.

"வா மாப்ளே. யாரு செத்தது?"

"யாரும் சாகல. என் பையனுக்கு யார்கிட்ட சொன்னே?"

தீமியோஸ் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தை முழுக்கக் கேட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். தடித்த உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, செடிப் பக்கமாகத் துப்பினார்.

"நான் சொல்லல. சொல்லியிருந்தா ஆமாடா, சொன்னேன், என்ன இப்போன்னு கேப்பேன். உனக்கு நான் பயப்படணுமா? உன் கடை லைசென்ஸுக்கு நான்தான் சொன்னேன். இதுக்குச் சொல்லல."

"எந்த லைசென்ஸ்?"

"சலூன் லைசென்ஸ். நாலு வருஷம் அலைஞ்சியே, நல்ல குடிமகன்னு போலீஸ் காகிதம் குடுக்க மாட்டேங்கறாங்கன்னு. அப்புறம் திடீர்னு ஒரு நாள் கிடைச்சுதே, அது என்ன வானத்துலேருந்தா விழுந்தது? என் தங்கச்சி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு நான் என் மேலதிகாரி வீட்டுக்கு நடையா நடந்தேன். அந்த ஆளோட பொண்டாட்டிக்கு மூட்டை தூக்கினேன்."

பனாகோஸுக்குக் காது அடைத்தது. முப்பது வருஷம் தலை நிமிர்ந்து நடந்தது மொத்தமும் அந்தத் தக்காளிப் பாத்தியில் விழுந்து கிடந்தது.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?"

"சொன்னா மூடிட்டுப் போயிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?" தீமியோஸ் குரலைத் தணித்துக்கொண்டார். "இன்னொண்ணு கேட்டுக்கோ. உன் பையன் போன மாசம் இங்க வந்தான். என்கிட்ட ஒரு கேள்வி கேட்டான். சிபாரிசு இல்ல, வெறும் கேள்வி. பதில் சொன்னேன். போயிட்டான்."

"என்ன கேள்வி?"

"உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

அது போதாதா? பஸ்ஸில் திரும்பும்போது பனாகோஸ் ஜன்னல் பக்கமே பார்க்கவில்லை. மனைவி, மச்சான், மகன், மூன்று பேரும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் என்னவோ செய்திருக்கிறார்கள். ஒருமுறை செய்தவர்கள் மறுமுறை செய்ய மாட்டார்களா? அந்தக் கண்ணாடியை எந்தக் கோணத்தில் மாட்டியும் பிரயோஜனம் இல்லை.

லூக்காஸ் கிளம்புவதற்கு முதல் நாள். எங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போகிறவன் முடியை வீட்டு ஆளே வெட்டி அனுப்பினால்தான் கௌரவம். முகாமில் அந்நியன் மெஷின் வைத்து மொட்டையடிக்க விடக் கூடாது. அதிலும் சலூன்காரர் மகன். பனாகோஸ் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டினார். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினார்.

லூக்காஸ் மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவன். அகலமான தோள், அதிகம் பேசாத வாய். அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை.

"ஏன் கடற்படை?" என்றார் பனாகோஸ், கத்திரியை எடுத்தபடி.

"கடல் பிடிக்கும்பா."

"கடலை எத்தனை தடவை பாத்திருக்கே?"

"ரெண்டு தடவை."

"ரெண்டு தடவை பாத்ததுல நாலு மாசத்துக்குப் பிடிச்சுப் போச்சு."

அந்த இரண்டில் ஒன்று லூக்காஸுக்கு ஒன்பது வயதில், மாதா கோயிலில் இருந்து எல்லாரும் சுற்றுலா போனபோது. ஊரே தண்ணீரில் இறங்கிக் கூத்தடித்தது. பனாகோஸ் மட்டும் கரையில் ஒரு பைன் மரத்தடியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சூரியகாந்தி விதையைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். மலையாட்டுக்கு மணலே ஆகாது என்று அவரைக் கேலி செய்தார்கள். இரண்டாவது, இரண்டு வருஷத்துக்கு முன்னால், கொரிந்துப் பக்கம் ஒரு தரைப்படை முகாமுக்குப் போகிற வழியில். பனாகோஸின் அக்கா மகன் ஸீஸிஸுக்கு அன்று சத்தியப் பிரமாணம். பையன் கொடியின் முன்னால் சத்தியம் செய்கிற நாளில் குடும்பமே கோழி வறுத்து, பீத்தா என்கிற கீரை அடை சுட்டு எடுத்துக்கொண்டு போய் முகாமுக்குள் நின்று பார்ப்பது வழக்கம். தாய்மாமன் போகாமல் இருக்க முடியுமா? போனார். முகாம் வாசல் வரை போனார். வாசலில் காக்கி உடுப்பில் ஒரு பையன், மீசைகூட முளைக்காதவன், துப்பாக்கியோடு நின்று "அடையாள அட்டை" என்று கேட்டான். பனாகோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டார். காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எல்லாரும் நம்பினார்கள். அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முடி கொத்துக் கொத்தாகத் தரையில் விழுந்தது. பனாகோஸ் கண்ணாடிக்குள் மகனின் கண்ணைப் பார்த்தார்.

"மாமன்கிட்ட என்ன கேட்டே?"

லூக்காஸ் கண்ணைத் தாழ்த்தினான். "சொல்ல முடியாதுப்பா."

"யாரு ஆளு? மந்திரியா? எம்.பி.யா? மாமனோட பழைய அதிகாரியா?"

"யாரும் இல்ல. நம்புங்க."

"நம்பறதா? இந்தக் கையாலதான் மூணு வருஷம்..." அவர் நிறுத்திக்கொண்டார். கத்திரியை மேஜையில் வைத்தார். "கேட்டுக்கோ. ஆள் பிடிச்சுப் போறவனை நான் வழியனுப்பலாம். பெத்த கடன். ஆனா உன் சத்தியப் பிரமாணத்துக்கு வர மாட்டேன். அங்க வந்து, எந்தப் பெரிய மனுஷன் உன் தோள்ல தட்டறான்னு நின்னு பாக்க எனக்கு வெக்கமா இருக்கும்."

லூக்காஸின் முகம் சட்டென்று வெளுத்துப்போனது. இவ்வளவு நேரம் கல்லாக இருந்தவன் நாற்காலியில் நிமிர்ந்தான். பனாகோஸ் அதைப் பார்த்தார். மாட்டிக்கொண்டான் என்று நினைத்தார்.

"அப்பா, மத்தது என்ன வேணா சொல்லுங்க. அதுக்கு மட்டும் வாங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான்."

கழுத்துத் துணியை அவிழ்த்து உதறினார் பனாகோஸ்.

ஒரு மாதம் போனது. வீட்டில் சட்டி பானை மட்டும்தான் பேசிக்கொண்டது. சத்தியப் பிரமாணத்துக்குத் தேதி போட்டுக் காகிதம் வந்தபோது ஸ்தமாதா சொன்னாள்: "நான் போறேன். நீ வந்தா வா, வராட்டி வீட்டுல உக்காந்து கடித உறையை விளக்குல காட்டிக்கிட்டிரு."

பனாகோஸ் போனார். மனம் இளகிப் போனார் என்று நினைத்துவிட வேண்டாம். துப்பறியப் போனார். ஆள் யார் என்று கண்ணால் பார்த்துவிட்டால், அவன் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு, மகனையும் தலைமுழுகிவிட்டு வருவதாகத் திட்டம். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டார்.

முகாம் பிரேயஸ் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தார்கள். வாசலில் அடையாள அட்டை கேட்டவன் வெள்ளைத் தொப்பியும் கருநீல உடுப்புமாக இருந்தான். பனாகோஸின் கவனம் அவன் மேல் இல்லை. உள்ளே நின்ற அதிகாரிகள் மேல் இருந்தது. அட்டையை நீட்டினார், வாங்கினார், நடந்தார். மைதானத்தின் நடுவில் வந்து நின்ற பிறகுதான், தான் வாசலைத் தாண்டிவிட்டோம் என்பதே அவருக்கு உறைத்தது. கால் எப்படி வந்தது? அவருக்கே தெரியவில்லை. திரும்பி வாசலைப் பார்த்தார். சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பாண்டு வாசித்தது. பையன்கள் வரிசையாக வந்தார்கள். கையை உயர்த்திச் சத்தியம் சொன்னார்கள். ஸ்தமாதா அழுதாள். பனாகோஸ் கண்கொத்திப் பாம்பாக அதிகாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கப் பட்டை போட்டவர் ஒருவர் வரிசையோரமாக நடந்தார். இவனாக இருக்குமோ? லூக்காஸைத் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் வந்தார். அவரும் போனார். முடிந்ததும் சில பையன்களைப் பெரிய மனிதர்கள் தோளில் தட்டினார்கள், கன்னத்தைக் கிள்ளினார்கள். அவர்கள் பெற்றோர்கள் பெருமையோடு நின்றார்கள். லூக்காஸ் பக்கம் ஒரு ஈ காக்காய் வரவில்லை. அவன் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தில் யாரையோ தேடித் தேடி வந்தான். அப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்து ஸ்தமாதா மறுபடி அழ ஆரம்பித்தாள்.

"வந்துட்டீங்களா?" என்றான். "உள்ளயே வந்துட்டீங்களா?"

பனாகோஸ் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். தொழில் பழக்கம், யாரைப் பார்த்தாலும் முதலில் தலை, அடுத்தது கை. விரல் முட்டியெல்லாம் வெடித்து, தோல் உரிந்து, சலவைச் சோடா பட்டு வெந்து போயிருந்தது.

"இது என்ன?"

"சமையக்கட்டுல அண்டா கழுவறேன்பா. முதல் நாள்லேருந்து அதான் போட்டிருக்காங்க."

"ஆபீஸ் இல்லியா?"

"ஆபீஸெல்லாம் ஆள் இருக்கிறவனுக்கு." லூக்காஸ் சிரித்தான். "அடுத்த வாரம் கிரீட் தீவுக்கு மாத்தறாங்களாம். அங்கயும் சமையக்கட்டுதான்."

இந்தக் கை பொய் சொல்லவில்லை என்று பனாகோஸுக்குத் தெரிந்தது. ஒரு கையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். அப்படியென்றால் ஆள் இல்லை. ஒருவரும் இல்லை. ஒன்றரை மாதம் அவர் தன் வீட்டையே வேவு பார்த்தது ஒன்றும் இல்லாததற்கு. வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது.

"அப்போ மாமன்கிட்ட என்னதான்டா கேட்டே?"

லூக்காஸ் அம்மாவைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். பிறகு சொல்லிவிட்டான்.

"கடற்படை முகாம்ல வாசல்லயாவது, உள்ளயாவது, யாராவது காக்கி போட்டிருப்பாங்களான்னு கேட்டேன். இல்லன்னு சொன்னாரு." அவன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே பேசினான். "ஸீஸிஸ் சத்தியப் பிரமாணத்தன்னிக்கு நீங்க பஸ்ஸுக்குப் போயிட்டீங்க. நான் பின்னாடியே வந்தேன். ஜன்னல் வழியா பாத்தேன். உங்களுக்கு வயித்து வலி இல்லப்பா. உங்க கை ரெண்டும் ஆடிக்கிட்டிருந்துது. அத முட்டிக்கு நடுவுல வெச்சு அமுக்கிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். என்னோட நாளுக்கு நீங்க உள்ள வரணும். நாலு மாசம் போனாப் போகுது."

பனாகோஸ் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்க அவர் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருந்தார். யார் என்ன நினைக்கிறார்கள், யார் என்ன மறைக்கிறார்கள் என்று. அவரை ஒருவன் கவனித்துக்கொண்டிருந்தான், அதுவும் கெடுதலுக்காக இல்லாமல், என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. எழுதிப் போட்டவனைத் தேடித் தேடி, தன்னைப் பார்த்துக்கொண்டிருந்த மகனைப் பார்க்காமல் விட்டுவிட்டார். கோட்டுப் பையில் கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. ஸ்தமாதா தன் கழுத்துத் துண்டை எடுத்து நீட்டினாள்.

"வா, சாப்பிடலாம்" என்றாள் அவள்.

மைதானத்தின் ஓரத்தில் ஒரு குட்டைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கடல். குடும்பங்கள் எல்லாம் சுவர் நெடுக உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. பனாகோஸ் வழக்கம்போல் கடலுக்கு முதுகைக் காட்டி, மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஸ்தமாதா கீரை பீத்தாவை எடுத்து மூன்றாகப் பிட்டாள். பின்னாலிருந்து உப்புக் காற்று அடித்தது. அவருக்கு அந்தக் காற்று தெரியும். மூன்று வருஷம் கூடாரத்துணியைக் கிழித்த காற்று. அந்தத் தண்ணீரையும் தெரியும். 'திருந்தமாட்டேன்' என்ற பையன்களைக் கழுத்தளவுக்கு இறக்கி நிறுத்திவைத்த தண்ணீர். அவரையும் நிறுத்தினார்கள், இரண்டு வருஷம் ஜனவரிக் குளிரில்.

பையன் காக்கியை எடுத்துவிட்டு, பதிலுக்குக் கடலைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அவன் மேல் என்ன தப்பு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்தானே அவனுக்குத் தெரியும்? வாயைத் திறக்காத தகப்பனுக்கு, ஜன்னல் வழியாகப் பார்த்ததை வைத்து எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்துவிட்டான்.

"அப்பா, இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்களேன்" என்றான் லூக்காஸ் உற்சாகமாக. "நான் போகப் போற கப்பல் அதோ நிக்குது. சாம்பல் கலர்ல, ரெண்டாவது."

ஸ்தமாதாவின் கை பீத்தாவோடு பாதியில் நின்றது. "வேணாம்டா, அப்பா இப்படியே உக்காரட்டும். வெயில் கண்ணுல அடிக்கும்" என்றாள். அவளிடமும் அவர் சொன்னதில்லை. ஆனால் அவள் முப்பது வருஷமாக அந்த முதுகைப் பார்த்தவள்.

பனாகோஸ் பீத்தாவைச் சுவரின் மேல் வைத்தார். ஒரு காலைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார். பிறகு மற்றொரு காலை. மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் கை ஆடியது. இந்தத் தடவை அதை முட்டிக்கு நடுவில் ஒளித்துக்கொள்ளவில்லை. லூக்காஸ் அந்தக் கையைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். கப்பலைக் காட்ட நீட்டியிருந்த அவன் விரல் மெல்லக் கீழே இறங்கியது.

"அப்பா... காக்கி மட்டும் இல்லியா?"

"இல்லடா."

"நான்..."

"நீ சரியாத்தான் பண்ணியிருக்கே. வாசல் தாண்டி வந்தாச்சு பாரு." அவர் மகனின் வெந்துபோன கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். அங்கே அது கொஞ்சம் ஆடியது, பிறகு அடங்கியது. கொஞ்ச நேரம் எதிரே நின்ற கப்பல்களைப் பார்த்தார். பிறகு, முப்பத்திரண்டு வருஷம் பூட்டிக் கிடந்த வாயைத் திறந்தார்.

"அங்க கடல் இந்தக் கலர்ல இருக்காது லூக்காஸ்."